பாட்டால் பெயர் பெற்ற நாள்

1959ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் பின்னிரவு ஒரு மணியளவில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மேசன் சிட்டி வானூர்தி நிலையத்தினின்றும் சிறு வானூர்தியொன்று பனி தூவும் இருளில் மேலெழுந்தது. சில நிமிடங்களில் அது சோள வயலொன்றில் வீழ்ந்து நொறுங்கியது. அதிற் சென்ற பாடகர் மூவரும் மாண்டனர். பட்டி ஹாலிக்கு வயது 22. ரிச்சி வாலன்சுக்கு 17. ‘பிக் பாப்பர்’ எனப் புகழ்பெற்ற ஜே. பி. ரிச்சர்ட்சனுக்கு 28.

அவர்களை வானூர்தியில் ஏற்றியது குளிரே. கடுங்குளிர்காலத்தில் ஊர் ஊராக இசைநிகழ்ச்சி நடத்திய அக்குழுவினர் சென்ற பேருந்துகளில் வெப்பக் கருவி பழுதுற்றிருந்தது. மத்தளக் கலைஞர் கால்கள் உறைபனியாற் பாதிப்புற்று மருத்துவமனை சேர்ந்தார். கிளியர் லேக் நகர நிகழ்ச்சி முடிந்ததும், அடுத்த ஊருக்கு முன்னதாகச் சென்று இளைப்பாறவே ஹாலி வானூர்தியை அமர்த்தினார். சளிக்காய்ச்சலுற்ற ரிச்சர்ட்சனுக்கு வேலன் ஜென்னிங்ஸ் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். வாலன்சுக்கோ நாணயம் சுண்டியதில் இடம் கிடைத்தது! கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதி விமானிக்கு இல்லை என்பதும், வானிலை எச்சரிக்கை அவருக்கு உரியவாறு எட்டவில்லை என்பதும் பின்னர் விசாரணையில் வெளிப்பட்டன.

நியூயார்க் மாநிலத்து நியூ ரோஷல் நகரில் நாளிதழ் விநியோகித்த 13 வயதுச் சிறுவன் டான் மெக்லீன், தான் சுமந்த தாள்களிலேயே அச்செய்தியைக் கண்டான். அவர் வளர்ந்து 1971இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் பை’ எட்டரை நிமிட நீளமுடையது. இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்தே பதிக்க வேண்டியிருந்தது. எனினும் 1972 சனவரியில் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது முதலிடம் எய்தியது.

கையறுநிலை எனத் தகும் இப்பாடல் மாண்டவருள் ஒருவர் பெயரையும் கூறவில்லை. ஆயினும் அந்நாளுக்கு அது சூட்டிய பெயரே வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது. அதன் ஏனைய அடிகளில் யார் யார் மறைந்துள்ளனர் என ஆராய்வோர் பலர். பழுதுற்ற பேருந்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. பாடலின் கையெழுத்துப்படி 2015இல் 12 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

அன்று மாண்டோர் உண்மையில் நால்வர். விமானி ரோஜர் பீட்டர்சனுக்கு வயது 21. அவ்வயலில் 1988இல் எஃகினாலான கித்தார் ஒன்றும் இசைத்தட்டு மூன்றும் நினைவுச் சின்னமாக நிறுவப்பெற்றன. விமானிக்குரிய சின்னம் 2009ஆம் ஆண்டிலேதான் அங்கு எழுந்தது.