அனுமதிப் புத்தகத்தில் இல்லாத தொழில்

நாடக வரலாறு எழுதுவோர் பலர் ஆசிரியர் பெயரைச் சொன்னதோடு நின்றுவிடுகின்றனர். தென்னாபிரிக்காவின் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ என்ற நாடகத்துக்கும் இதுவே நேர்ந்தது. அதைப் பற்றிய பேச்சு அத்தல் ஃபியூகாட் என்ற ஒரு பெயரில் தொடங்கி அதே பெயரில் முடிந்துவிடுகிறது. நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் கிராமத்து ஆசிரியனான நான், இந்நாடகத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் கீழே மூன்று பெயர்களை எழுதுவது வழக்கம். “ஒரு நாடகத்துக்கு மூன்று ஆசிரியர்களா சேர்?” என்று மாணவர் கேட்பர். அக்கேள்வி நியாயமானது. விடை சற்று நீளமானது.

முதலில் ஒரு சிறு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1948 இல் ஆட்சிக்கு வந்த நிறவெறி அரசு 1952 இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி பதினாறு வயதுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் எல்லோரும் தம் படமும் இலக்கமும் கொண்ட அனுமதிப் புத்தகத்தை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டியிருந்தது. எந்த நகரில் தங்கலாம், யாரிடம் வேலை செய்யலாம் என்பன அதில் பதியப்பட்டன. முத்திரை பிழைத்தால் சிறை, அல்லது ஊரைவிட்டு வெளியேற்றம். இச்சட்டத்தை மீறியோரை விசாரித்த ஜொகனஸ்பேர்க் நீதிமன்றமொன்றில் 1958 இல் சில மாதங்கள் எழுதுநராக இருந்தவர் ஃபியூகாட். வெள்ளையரான அவர், ஒரு மனிதனின் வாழ்வு சில நிமிட விசாரணையில் குலைந்து போவதை அங்கு நாள்தோறும் கண்டார்.

பின்னர் அவர் தாம் வளர்ந்த போர்ட் எலிசபெத் நகருக்குத் திரும்பினார். (2021 முதல் அந்நகரின் பெயர் கெபேஹா.) 1963 இல், அந்நகரின் கறுப்பினக் குடியிருப்பான நியூ பிரைட்டனிலிருந்து நோர்மன் என்சிங்காவும் நண்பர்களும் அவர் வீடு தேடி வந்தனர். தமக்கு நாடகம் பழக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. பகலில் கூலி வேலை, இரவில் ஒத்திகை என்று அக்குழு உருவாயிற்று. பாம்புகளைக் காட்சிக்கு வைத்திருந்த பழைய குழியொன்றை அவர்கள் அரங்காகப் பயன்படுத்தினர். ‘சேர்ப்பன்ட் பிளேயர்ஸ்’ என்ற குழுவின் பெயர் அதனால் வந்தது. மாக்கியவெல்லி, பிரெக்ட், சோபோக்கிளிஸ் ஆகியோரின் நாடகங்களை அவர்கள் ஆடினர்.

ஆடியதற்கு விலையும் கொடுத்தனர். பொலிசார் ஒத்திகைகளுக்கு வந்தனர். உறுப்பினர் ஒருவர் பின் ஒருவராகக் கைதாயினர். என்சிங்கா ரொபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1965 இல் ‘அன்ரிகனி’ நாடகத்தைத் தயாரித்தபோது, ஹேமன் பாத்திரம் ஏற்றிருந்த இளைஞரும் கைதாகி அதே தீவுக்குப் போனார். வெற்றிடமான அப்பாத்திரத்தை ஏற்க வந்தவரே ஜோன் கானி. ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய பள்ளித் தோழர் வின்ஸ்டன் என்ஷோனா 1967 இல் குழுவில் இணைந்தார்.

1972 இல் இவ்விருவரும் தொழிலை விட்டு முழுநேர நடிகராவதெனத் துணிந்தனர். அங்குதான் சட்டம் குறுக்கே நின்றது. கறுப்பினத்தவருக்கு அனுமதிக்கப்பட்ட தொழில்களுள் ‘நடிகர்’ என்றொரு தொழில் இருக்கவில்லை. வேலையற்றவர் நகரில் தங்கவும் முடியாது. ஆகவே இருவரும் ஃபியூகாட்டின் வீட்டு வேலையாட்களாகப் பதியப்பட்டனர். மேடையில் வேடமிடுவதற்கு முன்பே, அரசின் ஏட்டில் அவர்கள் வேடமிட வேண்டியதாயிற்று.

மூவரும் கூடியபோது கையில் பிரதி எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு புகைப்படம் பற்றிய நினைவுதான். ஒரு கையில் சிகரட்டும் மறு கையில் சுங்கானுமாக, வாய் நிறையச் சிரித்தபடி இருக்கும் ஒரு கறுப்பு மனிதனின் படம் அது. இம்மனிதன் ஏன் சிரிக்கிறான்? அனுமதிப் புத்தகத்தில் எல்லா முத்திரையும் சரியாக இருந்தாலன்றி ஒருவன் இப்படிச் சிரிக்க முடியாது என்று கானியும் என்ஷோனாவும் கண்டுகொண்டனர். அந்த விடையை ஃபியூகாட்டால் தாமாகக் கண்டிருக்க முடியாது. அவர் சட்டைப்பையில் அந்தப் புத்தகம் இருந்ததில்லை.

கதை எளிமையானது. வேலை தேடி நகருக்கு வந்த சிஸ்வே பான்சி மூன்று நாட்களுள் வெளியேற வேண்டும். இரவில் தெருவில் ஒரு பிணத்தைக் காண்கிறான். இறந்தவனின் புத்தகத்தில் வேலை தேடும் அனுமதி இருக்கிறது. படத்தை மாற்றி ஒட்டிக்கொண்டால் பிழைக்கலாம். ஆனால் சிஸ்வே பான்சி என்ற பெயர் செத்துவிடும். மனைவி மக்களுக்கு என்ன சொல்வது? ஷோசா மொழியில் அப்பெயருக்கு ‘அகன்ற தேசம்’ என்று பொருள் கொள்ளலாம். நாடகத்தின் தொடக்கத்தில் வரும் புகைப்படக்காரரின் நீண்ட உரையில் ஃபோர்ட் தொழிற்சாலையைக் கேலி செய்யும் பகுதி, கானியின் சொந்த அனுபவத்திலிருந்து எழுந்தது.

நாடகம் 1972 ஒக்டோபர் 8 ஆம் திகதி கேப் டவுனில் ‘ஸ்பேஸ்’ என்ற சிற்றரங்கில் மேடையேறியது. பிரையன் அஸ்பரி என்ற புகைப்படக் கலைஞரும் அவர் மனைவியான நடிகை இவோன் பிரைஸ்லண்டும் அவ்வாண்டுதான் அதைத் தொடங்கியிருந்தனர். பொது அரங்குகளில் வெவ்வேறு இனத்தவர் கலந்திருப்பது தடைசெய்யப்பட்டிருந்ததால், அங்கத்தவர் கழகமாக அதை நடத்தினர். இவர்களின் பெயர்களையும் நாம் மறக்கலாகாது.

எனினும், இந்நாடகத்தின் உரைகல் நியூ பிரைட்டனிலேயே இருந்தது. அங்குள்ள மண்டபமொன்றில் ஆடியபோது, பிணத்தின் புத்தகத்தை எடுக்கலாமா கூடாதா என்ற கட்டத்தில் பார்வையாளர் வாதாடத் தொடங்கினர். எடு என்றனர் சிலர். பெயரை விடாதே என்றனர் வேறு சிலர். நடிகர் காத்து நின்றனர். நாடகம் என்ற எல்லை அங்கு கரைந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அதே மூவரும் ‘தீவு’ நாடகத்தை உருவாக்கினர். ரொபன் தீவிலிருந்து மீண்ட நண்பர்கள் சொன்னவையே அதன் மூலப்பொருள். சிறைகளைப் பற்றிப் பேசுவதே குற்றமாயிருந்த காலமாதலால் 1973 யூலையில் வேறு பெயரில் மேடையேற்றினர்.

பின்னர் இரு நாடகங்களும் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் சென்றன. 1975 இல் சிறந்த நடிகருக்கான டோனி விருது கானிக்கும் என்ஷோனாவுக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. உலகம் நடிகரென்று ஏற்றது. சொந்த நாடு ஏற்கவில்லை. 1976 இல் டிரான்ஸ்கையில் ‘சிஸ்வே பான்சி’யை ஆடியமைக்காக இருவரும் தடுத்து வைக்கப்பட்டனர். வெளிநாடுகளில் எழுந்த எதிர்ப்பின் பின்னரே விடுதலையாயினர். அனுமதிப் புத்தகச் சட்டம் 1986 இல்தான் நீங்கியது. என்ஷோனா 2018 இலும் ஃபியூகாட் 2025 இலும் காலமாயினர்.

ஃபியூகாட்டின் பங்கைக் குறைப்பது என் நோக்கமன்று. சிதறிய அனுபவங்களுக்கு வடிவம் தந்தவர், நெறிப்படுத்தியவர், எழுத்தில் அமைத்தவர் அவரே. 1974 இல் நாடகம் அச்சானபோது மூவர் பெயரையும் இட்டு உரிமையைப் பகிர்ந்தவரும் அவர்தான். நூலில் இருந்த இரு பெயர்களை உதிர்த்தது பின்வந்த விமர்சகர்களின் வசதி. எழுதுகோல் பிடித்தவனே ஆசிரியன் என்ற பழக்கம், உடலாலும் வாழ்வாலும் எழுதியவர்களை வெறும் நடிகர்களாக்கிவிடுகிறது.

பெயரை இழந்து உயிர் வாழும் மனிதனைப் பற்றிய நாடகத்துக்கு இவ்வாறு நேர்ந்தது கொடுமை. ஆனால் இருவரும் தம் பெயர்களை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டே சென்றனர். ‘தீவு’ நாடகத்தில் வரும் இரு கைதிகளின் பெயர்கள் ஜோன், வின்ஸ்டன். அந்நாடகம் எங்கு ஆடப்பட்டாலும் அப்பெயர்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.