பாத ரிஃப்ளெக்சாலஜி: யார் காலை நீட்டலாம்?

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் கடைவரிசையில் வெந்நீர்த் தொட்டியோடு காத்திருக்கும் பாத ரிஃப்ளெக்சாலஜியைப் பழங்காலச் சீன வைத்தியம் என்றே பலரும் நினைக்கின்றனர். இன்றைய வடிவம் அமெரிக்காவில் உருவானது. உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்துப் பார்த்த மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டைத் தொடர்ந்து, யூனிஸ் இங்ஹம் 1930களில் பாதத்தில் உறுப்புகளின் வரைபடத்தை அமைத்தார். கட்டைவிரல் தலைக்கு, உள்வளைவு முதுகெலும்புக்கு என்பது அதன் கணக்கு. அந்த வரைபடத்திற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. காலை அரைமணி நேரம் பிடித்துவிட்டால் உடல் தளர்ந்து உறக்கம் வருவது உண்மை. நாள் முழுதும் நின்று வேலை செய்பவருக்கு அதுவே பெரிது.

இனிப்புநீர் உள்ளவர்கள்தான் யோசிக்க வேண்டும். மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். பாத நரம்பு மரத்துப்போனவரிடம் "வலித்தால் சொல்லுங்க" என்று பணியாளர் கேட்டால், அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சிறு கீறல் ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போகலாம். பூங்காக்களில் உள்ள கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பதும் அவருக்கு ஆகாது. காலில் புண்ணோ இரத்தக் கட்டியோ இருந்தால் பிடிக்கவே கூடாது. கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். இனிப்புநீருக்குக் கிளினிக் போகிறவர்கள், பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று அங்கேயே சோதிக்கச் சொல்லலாம்.