தாம் எழுதிய சட்டத்தின் கைதி

நார்வே நாட்டின் ட்ரோண்ட்ஹைம் நகருக்கு எதிரே, கடற்கழியின் நடுவில், முங்க்ஹோல்மன் என்னும் சிறு தீவு கிடக்கிறது. துறவிகளின் தீவு என்பது அப்பெயரின் பொருள். இடைக்காலத்தில் அங்கே பெனடிக்ட் சபையினரின் மடம் ஒன்று இருந்தது. பின்னர் அவ்விடம் கோட்டையாயிற்று, சிறையுமாயிற்று. 1680 முதல் 1698 வரை, பதினெட்டு ஆண்டுகள், அத்தீவில் ஒருவர் அடைபட்டுக் கிடந்தார். டென்மார்க்கையும் நார்வேயையும் ஒருங்கே ஆண்ட முடியரசின் சான்சலராக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்து அரச துரோகி எனத் தீர்ப்புப் பெற்ற பேடர் கிரிஃபென்ஃபெல்ட் என்பவரே அவர். நம் தரங்கம்பாடியில் 1620-ஆம் ஆண்டு கோட்டை எழுப்பியதும் இதே முடியரசுதான்.

அவர் பிரபுக் குடியில் பிறந்தவர் அல்லர். கோபன்ஹேகனில் திராட்சை மது வணிகர் ஒருவரின் மகனாக 1635-இல் பேடர் ஷூமாக்கர் என்னும் பெயருடன் பிறந்தார். கல்வி ஒன்றே அவருக்குக் கைம்முதல். ஆக்ஸ்போர்டிலும் பாரிசிலும் கற்றும் கண்டும் திரும்பியவரை, மன்னர் மூன்றாம் பிரெடெரிக் 1663-இல் தம் நூலகராகவும் ஆவணக் காப்பாளராகவும் அமர்த்திக்கொண்டார்.

அக்காலம் அந்நாட்டு வரலாற்றின் திருப்புமுனை. அதுவரை அங்கே முடிசூடும் ஒவ்வொரு மன்னரும், தம் அதிகார எல்லைகளை ஏற்றுப் பிரபுக்களுக்கு உறுதிமொழிப் பட்டயம் எழுதித் தரவேண்டியிருந்தது. ஸ்வீடனோடு நிகழ்ந்த போரில் நாடு நலிந்திருந்த வேளையில், 1660-இல் அப்பட்டயம் செல்லாததாக்கப்பட்டது. முடி பரம்பரை உரிமையாயிற்று. மன்னரின் அதிகாரம் வரம்பற்றதாயிற்று. அந்த வரம்பின்மைக்கு ஒரு சட்ட வடிவம் தேவைப்பட்டது. அதை எழுதும் பணி நூலகர் ஷூமாக்கரிடம் வந்தது.

1665 நவம்பர் 14-ஆம் நாளிட்ட 'அரசச் சட்டம்' நாற்பது பிரிவுகளைக் கொண்டது. மன்னர் மனிதச் சட்டங்கள் அனைத்துக்கும் மேலானவர். இறைவனைத் தவிர அவருக்கு மேல் நீதிபதி எவரும் இலர். சட்டம் இயற்றவும் நீக்கவும், அலுவலரை அமர்த்தவும் விலக்கவும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு என்பன அதன் சாரம். ஐரோப்பாவில் வரம்பற்ற முடியாட்சி பல நாடுகளில் நிலவியதுண்டு. அதை இத்துணைத் தெளிவாக எழுத்தில் வடித்த நாடு வேறில்லை எனலாம். அச்சட்டம் 1709 வரை அச்சேறவில்லை. அதை எழுதியவரோ, அதன் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைத்தவர்.

1670-இல் மூன்றாம் பிரெடெரிக் மறைந்தார். அடுத்து வந்த ஐந்தாம் கிறிஸ்தியானிடம் ஷூமாக்கரின் செல்வாக்கு விரைந்து வளர்ந்தது. 1671-இல் பிரபுப் பட்டமும் கிரிஃபென்ஃபெல்ட் என்னும் புதுப் பெயரும் பெற்றார். 1673-இல் கோமகன் ஆனார். சான்சலர் பதவியும் தொடர்ந்தது. நாற்பது வயதுக்குள் மன்னருக்கு அடுத்த நிலையில் நின்றார்.

உயர்ந்த வேகத்திலேயே பகையும் சேர்ந்தது. பதவிகளை விற்றார், கையூட்டுப் பெற்றார் என்னும் பழியினின்று அவரை முற்றிலும் விடுவிக்க இயலாது. அன்று அது ஊரறிந்த வழக்கமே எனினும், அவர் கை அதில் ஆழ்ந்திருந்தது. எனினும் அவரை வீழ்த்தியது அது மட்டுமன்று. ஸ்வீடனோடு போர் வேண்டும் என்றோர் மன்னரைச் சூழ்ந்திருந்தனர். கிரிஃபென்ஃபெல்ட் பிரான்சின் நட்பையும் அமைதியையும் நாடினார். 1675-இல் போர் மூண்டது. 1676 மார்ச் 11 அன்று அவர் கைது செய்யப்பட்டார்.

வழக்கில் அவருக்கு வழக்கறிஞர் துணை மறுக்கப்பட்டது, எழுதுபொருளும் மறுக்கப்பட்டது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே எழுதியவர், தம் உயிர் காக்க ஒரு வரி எழுதவும் வழியின்றி, நினைவையும் நாவையும் மட்டுமே நம்பி வாதாடினார். மன்னரைச் சிறுபிள்ளையோடு ஒப்பிட்டுத் தம் நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்த வரியோ அவருக்கு எதிராகவே வந்து நின்றது. நீதிபதிகள் பதின்மருள் ஒருவர் மட்டும் மரண தண்டனைக்குக் கையொப்பமிட மறுத்தார். அத்துடன் நில்லாது, அத்தீர்ப்பு முறையன்று என மன்னரிடமே எடுத்துரைத்தார். பயனில்லை. மேல்முறையீட்டுக்கு எங்கே போவது? மன்னருக்கு மேல் நீதிபதி இலர் என்று எழுதியவர் கிரிஃபென்ஃபெல்ட் அல்லவா!

ஜூன் 6 அன்று அவரைக் கொலைமேடைக்கு ஏற்றினர். அவருடைய குலச்சின்னம் அவர் கண்ணெதிரே உடைக்கப்பட்டது. வாள் வீழவிருந்த கணத்தில் மன்னரின் ஆணை வந்தது: மரணம் இல்லை, ஆயுட்சிறை. இந்தக் கருணை சாவினும் கொடிது என அவர் கூறியதாக வரலாறு குறிக்கிறது. எவரையும் கேளாமல் கொல்லவும், எவரையும் கேளாமல் விடுவிக்கவும் வல்ல அதிகாரம் அது. அதற்குச் சட்டச் சொல்லைத் தேடித் தந்தவரே அதன் இரு முகங்களையும் ஒரே காலையில் கண்டார்.

முதல் நான்கு ஆண்டுகள் கோபன்ஹேகன் கோட்டையிலும், பின்னர் முங்க்ஹோல்மனிலும் சிறையிருந்தார். 1698-இல், உடல் நலிந்த நிலையில், ட்ரோண்ட்ஹைம் நகரில் வாழ அனுமதி கிட்டியது. அடுத்த ஆண்டு, 1699 மார்ச்சில், அங்கேயே காலமானார்.

அவர் எழுதிய சட்டம் அவரினும் நெடிது வாழ்ந்தது. நார்வே தன் அரசியல் சட்டத்தை வகுத்த 1814 வரை அங்கும், 1849 வரை டென்மார்க்கிலும் அது நின்றது. அரச குடும்பத்தைப் பற்றிய அதன் ஓரிரு பிரிவுகள் டென்மார்க்கில் இன்றும் நடப்பில் உள்ளன.

எழுத்தாளருக்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அதிகாரத்தின் பொருட்டு எழுதுவோர், அவ்வெழுத்தில் தமக்கென ஒரு புகலிடம் இருப்பதாகவே எண்ணி எழுதுகின்றனர். கிரிஃபென்ஃபெல்ட் அந்நாற்பது பிரிவுகளில் குடிமகன் ஒருவன் முறையிடுவதற்கு ஒரேயொரு வாயிலை விட்டுவைத்திருந்தால், அவ்வாயில் முதலில் அவருக்கே பயன்பட்டிருக்கும்.