அமெரிக்க தேசிய அரசாங்கம் (அறிமுகப் பாடம்)

அமெரிக்கக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்கள் தொடக்க நிலையில் பயிலும் அரசியல் அறிவியல் பாடம். பெரும்பாலும் ஒரு பருவ அளவினது. 1787இல் பிலடெல்பியாவில் வரையப்பட்ட அரசியலமைப்பு, கூட்டாட்சி, அதிகாரப் பிரிவினை ஆகியவற்றில் தொடங்கும். அடுத்து 435 வாக்குரிமை உறுப்பினர்களைக் கொண்ட பிரதிநிதிகள் அவை, 100 உறுப்பினர் செனட், அதிபர் பதவி, உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் இயக்கம் விளக்கப்படும். கட்சிகள், பொதுக்கருத்து, 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு வழியே அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஆகியனவும் இடம்பெறும். ஜேம்ஸ் மேடிசனின் 10ஆம் பெடரலிஸ்ட் கட்டுரையும், சட்டங்களை மறுஆய்வு செய்யும் நீதிமன்ற அதிகாரத்தை நிலைநாட்டிய மார்பரி எதிர் மேடிசன் (1803) தீர்ப்பும் பரவலாக வாசிக்கப்படுகின்றன. டெக்சஸ் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில், துறை எதுவாயினும், இளங்கலைப் பட்டத்திற்கு அரசாங்கப் பாடம் சட்டப்படி கட்டாயம். அதில் மாநில அரசியலமைப்பும் அடங்கும்.