பையிங் ஏஜென்ட்டும் நிலப் புரோக்கரும்: திருப்பூரில் இரண்டு தகராறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர் இரண்டு வகைத் தரகரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் வெளிநாட்டு ஆர்டர் கொண்டுவரும் பையிங் ஏஜென்ட். இன்னொருவர் சைட், தோட்டம், குடோன், லைன் வீடு விற்றுக்கொடுக்கும் புரோக்கர். முன்னவரிடம் கழுத்து ரிப்பின் அகலம் வரை மெயிலில் கேட்டு வாங்கி ஃபைல் போடுகிற அதே முதலாளி, பெருமாநல்லூர் பக்கம் இருக்கும் ஒரு கோடி ரூபாய் நிலத்தைப் பின்னவரிடம் ஒரு டீக்கடைப் பேச்சில் ஒப்படைத்துவிடுகிறார். நிலத் தகராறு ஏன் இவ்வளவு நாறுகிறது என்பதற்கு இந்த வித்தியாசத்திலேயே விடை இருக்கிறது.

யாருடைய ஆள்?

பையிங் ஏஜென்ட் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமில்லை. அவர் பையரின் ஆள். அவருடைய கமிஷன் எஃப்.ஓ.பி. விலைக்குள் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலைக்குள்) அடங்கியிருந்தாலும், தையல் பிசகினால் அவர் பையருக்காகத்தான் பேசுவார். கம்பெனிக்காரரும் அதைத் தெரிந்துகொண்டே எச்சரிக்கையாக இருக்கிறார்.

நிலப் புரோக்கர் அப்படியில்லை. விற்பவரிடம் “நான் உங்க ஆளுங்கண்ணா” என்பார். வாங்குபவரிடமும் அதையே சொல்வார். இரு பக்கமும் கமிஷன் வாங்குவது ஊர் வழக்கம். இரு பக்கமும் அது தெரிந்திருந்தால் பெரிய தொல்லையில்லை, மறைக்கும்போதுதான் சிக்கல். “பார்ட்டி காசோட நிக்கறாங்க, இன்னிக்கு விட்டா போயிருமுங்க” என்று அவசரப்படுத்தி, தன் மச்சான் பெயரில் அக்ரிமெண்ட் போட்டு, அதை மூன்றே மாதத்தில் கூடுதல் விலைக்குக் கைமாற்றுவது இந்தத் தொழிலின் பழைய வித்தை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 215-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. உரிமையாளரின் சம்மதமின்றி ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து, முக்கிய விவரத்தை நேர்மையின்றி மறைத்திருந்தால், உரிமையாளர் அந்தப் பேரத்தை ஏற்க மறுக்கலாம்.

கூலி எப்போது, எவ்வளவு?

ஆர்டரில் விலை, அளவு, ஷிப்மெண்ட் தேதி, கமிஷன் எல்லாம் எழுத்தில் இருக்கும். நிலத்தில் இரண்டு சதவீதமா ஒன்றா என்பதுகூடப் பல சமயம் பத்திர ஆபீஸ் வாசலில்தான் முடிவாகிறது. அக்ரிமெண்ட் போட்ட அன்றே கமிஷன் வேண்டும் என்பார் புரோக்கர். கிரயம் ஆனால்தான் தருவேன் என்பார் உரிமையாளர். தனியாக ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால், ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகே கூலி என்பது சட்டத்தின் 219-ஆவது பிரிவு. ஆனால் எந்த வேலை என்று முதலிலேயே எழுதவில்லை என்றால், ‘முடிந்தது’ என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம்.

இன்னொரு பழக்கம், “கைக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வர்றது உனக்கு” என்பது. சென்ட் 7 லட்சம் என்று சொல்லி விட்ட 20 சென்ட், 8 லட்சத்துக்குப் போனால் புரோக்கருக்கு 20 லட்சம். மனமறிந்து சொன்ன வார்த்தை என்றால் பிறகு வயிறெரிந்து பயனில்லை. அப்படிச் சொல்லாமலே மேல்பணம் எடுக்கப்பட்டிருந்தால் கதை வேறு: கணக்குக் காட்டவும் (213), உரிமையாளருக்காக வாங்கிய பணத்தை ஒப்படைக்கவும் (218) புரோக்கர் கடமைப்பட்டவர். முறைகேடு செய்த பகுதிக்கு அவருக்குக் கூலியே கிடையாது என்கிறது 220.

தவறு எப்போதும் புரோக்கர் பக்கமே என்றும் சொல்வதற்கில்லை. ஆளைக் கூட்டிவந்து காட்டியவரைக் கழற்றிவிட்டு, வாங்குபவரோடு நேரடியாக முடித்துக்கொள்ளும் உரிமையாளர்களும் உண்டு. பெட்ரோல் போட்டு ஆறுமாதம் அலைந்த புரோக்கருக்கும் எழுத்து இல்லாததுதான் வினை.

கையில் உள்ள பிடி

இருவரிடமும் ஒரு பிடி இருக்கிறது. பையிங் ஏஜென்ட்டின் பிடி இன்ஸ்பெக்‌ஷன் சர்டிஃபிகேட். பணத்துக்கு வங்கி தரும் உறுதிக்கடிதமான எல்.சி.யில் அதைக் கேட்டிருந்தால், அவர் கையெழுத்து இல்லாமல் வங்கியில் பணம் நகராது. சரக்குப் பெட்டிகள் அடுக்கியாகிவிட்டன, கப்பல் தேதி நெருங்குகிறது. அந்த நேரத்தில் “டிஸ்கவுண்ட் கொடுங்க, பாஸ் பண்ணிடலாம்” என்று போன் வரும்.

நிலப் புரோக்கரின் பிடி மூலப்பத்திரம். பார்ட்டிக்குக் காட்ட வேண்டும் என்று ஒரிஜினலை வாங்கிப் போயிருப்பார். தகராறு வந்ததும் திருப்பித் தரமாட்டார். தனக்கு உரிய கமிஷன் பாக்கி இருந்தால் காகிதங்களை நிறுத்திவைக்க ஏஜென்ட்டுக்கு உரிமை தருகிறது 221-ஆவது பிரிவு. வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் அந்த உரிமை இல்லை. ஆகவே ஜெராக்ஸ் மட்டும் கொடுப்பது நல்லது. அதைவிடப் பெரிய பிடி பவர் பத்திரம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சொத்து தொடர்பான பவரையும் விற்பனை அக்ரிமெண்ட்டையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பவரை ரத்து செய்வதையும் பதிவு செய்து, புரோக்கருக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். அவருக்குத் தெரியும் வரை அவரளவில் ரத்து செல்லாது.

முறையிட எங்கே போவது?

பனியன் தொழிலுக்கு அமைப்புப் பலம் இருக்கிறது. 1990-இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும், பல சங்கங்கள் சேர்ந்த ஆர்பிட்ரேஷன் கவுன்சிலும் தகராறுகளைப் பேசித் தீர்க்கின்றன. பையர் கைவிரித்தால் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு உண்டு.

நிலத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா உண்டு, ஆனால் எல்லைக்குட்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யவேண்டிய திட்டத்தில் மனை, ஃபிளாட் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். பதிவாகாத திட்டத்தை விற்றாலும் அதே அபராதம். புகார் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைப்பிரிவும், 8 வீட்டுக்கு மிகாத கட்டடமும் பதிவுக்கு உட்பட்டவை அல்ல. பழைய வீடு, தோட்டம், குடோன் கைமாறுவது பொதுவாக இந்தச் சட்டத்தின் பிடியில் வராது. திருப்பூர்ப் பக்கம் புரோக்கர்கள் அதிகம் புழங்குவதோ இந்த வெளிவட்டத்தில்தான்.

அங்கே மிஞ்சுவது ஒப்பந்தச் சட்டமும் சிவில் கோர்ட்டும். சொந்தக் குடியிருப்புக்காகக் கமிஷன் கொடுத்தவருக்கு, சேவைக் குறைபாடு என்று 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகும் வழியும் உண்டு. கம்பெனி குடோனுக்கு என்றால், வணிக நோக்கம் என்று மறுப்பு எழும். எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றே: எழுத்தில் என்ன இருக்கிறது?

எவரிடமிருந்து எதைக் கற்பது?

ஏற்றுமதியாளரின் நாணயம் நிலம் விற்பவரின் நாணயத்தைவிட உயர்ந்தது என்பதில்லை. அடுத்த சீசன் ஆர்டர் வேண்டும் என்ற கட்டாயமும் பையரின் நிபந்தனையுமே அவரை எழுத வைத்தன. நிலம் ஆயுளில் ஒருமுறை, இருமுறை விற்பது. புரோக்கரோ பெரும்பாலும் பங்காளி, பக்கத்துத் தோட்டத்துக்காரர். “எழுதிக் கொடுங்க” என்று கேட்கவே கூச்சம்.

ஆனால் எழுதிவைத்த ஏற்றுமதியாளருக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. கையில் மெயில் இருந்தும், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று அநியாய டிஸ்கவுண்ட்டை விழுங்கிவிடுகிறார். நில உரிமையாளருக்கு அந்தப் பயமே தேவையில்லை. அந்தப் புரோக்கரிடம் அவர் மறுபடி போகப்போவதில்லை. பவர் கொடுக்காதவரை அவர் கையெழுத்து இல்லாமல் கிரயமும் நடக்காது.

ஆக, இரண்டையும் சேர்த்துக்கொள்வதே சரி. விலை, கமிஷன், அது தரும் நாள், காலக்கெடு, இரு பக்கமும் வாங்கினால் சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனை, ஒரிஜினலை நிறுத்திவைக்கக் கூடாது என்ற வரி: இவை ஒரே பக்கத்தில் அடங்கும். இருவரும் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே தகராறு முற்றியிருந்தால், நடந்ததையெல்லாம் தேதிவாரியாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வாங்குங்கள். பத்திரத்தைத் திரும்பக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதன் பிறகு வக்கீல் நோட்டீஸ். தர வேண்டிய கமிஷன் இருந்தால் அதை மட்டும் வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் பத்திரத்தை நிறுத்திவைக்க அவருக்குக் காரணம் இருக்காது.