பெயர்ச்சி என்னும் சொல்

நியூ ஜெர்ஸி மாநிலத்தில் மான்மவுத் ஜங்ஷன் என்னும் சிற்றூரில் இன்று குடியிருக்கும் தமிழர் இல்லத்துப் பூஜை அறைச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியிலும், குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்னும் சொற்கள் தவறாமல் அச்சாகியிருக்கும். பலன் பார்ப்பதற்குரிய சொற்களாக மட்டுமே அவற்றைக் கொண்டுவிட்ட நாம், வானத்தைத் தலைமுறை தலைமுறையாக உற்றுநோக்கிய மக்கள் வகுத்த அளவைச் சொற்கள் அவை என்பதை மறந்துவிட்டோம்.

கோள் என்பது, கொள் என்னும் வினை முதல் நீண்டு பிறந்த தொழிற்பெயர். கிரகம் என்னும் வடசொல்லும் பற்றுதலைக் குறிக்கும் வினையடியாகவே பிறந்தது. கிரகணம் அதன் உடன்பிறப்பு. கதிரவனிடமிருந்து ஒளியைக் கொள்வதாற் கோள் எனப்பட்டது என்பாரும் உளர். கதிரவனையும் திங்களையும் சேர்த்தே கோள்களை எண்ணிய முன்னோர்க்கு அவ்விளக்கம் ஒவ்வாது. மாந்தரைப் பற்றும் என்ற நம்பிக்கையே இரண்டு சொல்லுக்கும் மூலம் என்பது என் துணிபு. சங்கப் புலவர் விண்மீன்களை நாண்மீன் எனவும் கோண்மீன் எனவும் பிரித்தறிந்தனர். வெள்ளியும் செவ்வாயும் நிறத்தாற் பெயர் பெற்றன. புறநானூற்றிற் கபிலர் சொல்லும் மைம்மீன் சனியே என்பது உரைமரபு.

நிறத்துக்கு அடுத்தபடி அவர்கள் கண்டது நடை. பெயர்தலாவது நின்ற இடம் விட்டு நகர்தல். வான்வீதியைப் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்து, ஒரு கோள் ஓர் இராசியினின்று மற்றோர் இராசிக்குச் செல்வதைப் பெயர்ச்சி என்றனர். குரு எனப்படும் வியாழன் கதிரவனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு ஆதலின், இராசிக்கு ஏறத்தாழ ஓராண்டு. அதனாலேயே குருப்பெயர்ச்சி ஆண்டுதோறும் வருகிறது, வியாழன் சிம்மத்தில் நிற்கும் மாசியிற் கும்பகோணத்து மகாமகம் 2004, 2016 எனப் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை நிகழ்கிறது. சனிக்கோ 29.46 ஆண்டு, இராசிக்கு ஏறக்குறைய இரண்டரை. 'ஏழரை நாட்டுச் சனி' என்று பாட்டி பெருமூச்செறியும்போது, மூன்று இராசிகளின் காலத்தை, அதாவது சனியின் முழுச்சுற்றில் நாலில் ஒரு பங்கை, அரையாண்டும் பிசகாமற் சொல்லிவிடுகிறாள். சனைச்சரன், மெல்லச் செல்பவன், என்ற பெயரே அக்கோளின் கதியைக் கணித்துரைப்பதன்றோ!

கணிதத்தில் வேற்றுமை இல்லாமலில்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று மீனத்திற் புகுந்த சனி, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல்தான் புகுகிறது. வாக்கியத்தின் பழைய சூத்திரங்களைக் கண்ணாற் கண்ட வானத்தோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்தாமற் போனதன் விளைவு இது.

ஆனால் நடையைக் கண்டதுபோற் கோள்களின் பருமனைக் கண்ணாற் காண வழியில்லை. வெறுங்கண்ணுக்கு எல்லாக் கோளும் ஒளிப்புள்ளியே. பூமியைப் போற் பதினொரு மடங்கு, 1,42,984 கிலோமீட்டர், விட்டமுடைய வியாழனைக் காட்டிலும், பூமியினும் சற்றே சிறிய வெள்ளி நமக்கு அண்மையில் இருப்பதாற் பிரகாசமாகத் தோன்றி மயக்குகிறது. தொலைநோக்கி வந்த பிறகே பரிமாணம் புலனாயிற்று. 1781-இல் யுரேனஸும் 1846-இல் நெப்டியூனும் கண்டுபிடிக்கப்பட்டன. நம் பஞ்சாங்கத்தில் அவற்றுக்குப் பெயர்ச்சி இல்லை. நெப்டியூன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 165 ஆண்டு எடுப்பதால், கண்டறியப்பட்ட பின் முதற்சுற்றை அது முடித்ததே 2011-இல்தான்.

வாரவிடுமுறையில் அமெரிக்காவிலே தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோள்களின் விட்டத்தைப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்திற் கற்றுக்கொள்வார்கள், குருவின் பன்னிரண்டையும் சனியின் முப்பதையும் நாட்காட்டியைக் காட்டித் தமிழில் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.