தம் தொழிலைத் தாமே பழித்த நடிகர்கள்: தில்லியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புகழ்பெற்ற நடிகர் ஒருவர் தம் தொழிலைத் தாமே பழித்துப் பேசினால், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறார் என்பார்கள் சிலர். மனத்தில் பட்டதைச் சொல்லும் துணிச்சல்காரர் என்பார்கள் வேறு சிலர். இரு சாராருமே அப்பேச்சை அவருடைய தனிக் குணமாகத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பழிப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தேட ஏற்ற இடம் தில்லி. படங்கள் பம்பாயிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் உருவாயின. ஆனால் தணிக்கைச் சட்டம், வானொலி, விருதுகள், அகாதமிகள், தேசிய நாடகப் பள்ளி என நடிகனின் கௌரவத்தை நிர்ணயித்த அமைப்புகள் பலவும் தில்லியில் இருந்தே இயங்கின.

நடிப்பின் மீதான இகழ்ச்சி முதலில் சமூகத்திடமிருந்து நடிகர்களுக்கு வந்தது. பின்னர் அவர்களே அதை எடுத்து, தங்கள் கலையின் மீது அல்லாமல், அக்கலையை நடத்தும் வணிகத்தின் மீது திருப்பினார்கள். இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியிலிருந்து வந்த இழிவு

1913-இல் வெளியான 'ராஜா ஹரிச்சந்திரா' படத்துக்கு நடிகை தேடி அலைந்த தாதாசாகேப் பால்கேவுக்கு ஒருத்தியும் கிடைக்கவில்லை. கடைசியில் அரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக சாளுங்கே என்ற இளைஞர் நடித்தார். அன்று நடிப்புத் தொழிலுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

1927-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு திரைப்பட விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். சென்னை வழக்கறிஞரான இவர், மத்திய சட்டமன்றத்தின் துணைத்தலைவராகவும் இருந்தவர். குழு 353 பேரை நேரில் விசாரித்தது. எழுத்து மூலம் கருத்துக் கேட்கப்பட்ட காந்தியடிகள், தாம் சினிமாவுக்குப் போனதே இல்லை என்றும், அதன் தீமை வெளியாளுக்கும் தெரியும் என்றும் பதில் அனுப்பினார். 1928-இல் வந்த அறிக்கையோ சினிமாவை நாட்டுக்கு முக்கியமான ஒரு தொழிலாகக் கருதி அரசு ஊக்குவிக்க வேண்டும் என்றது. அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில்துறைத் தகுதியை அறிவித்தது 1998-இல். இடையில் எழுபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

காந்தியின் கருத்தால் வருந்திய எழுத்தாளர் குவாஜா அகமது அப்பாஸ், 1939-இல் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, திரையுலகினருக்காக வாதாடினார். விடுதலைக்குப் பிறகும் நிலை பெரிதாக மாறவில்லை. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஒதுக்கினார். 1954-இல் தில்லியைச் சேர்ந்த சுமார் 13,000 பெண்கள், சினிமாவின் தீமையிலிருந்து தங்கள் பிள்ளைகளைக் காக்கும்படி பிரதமர் நேருவிடம் மனுக் கொடுத்தார்கள்.

விருதுப் பட்டியலில் நடிகன் இல்லாத காலம்

அதே 1954-இல்தான் தேசியத் திரைப்பட விருதுகள் தொடங்கின. இவ்விருதுகளின் வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் படங்களுக்குத்தான் பரிசு, நடிப்புக்கு இல்லை. சிறந்த நடிகருக்கான 'பரத்' விருதும் நடிகைக்கான 'ஊர்வசி' விருதும் 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாக வழங்கப்பட்டன. முதலில் பெற்றவர்கள் உத்தம் குமாரும் நர்கிஸும். தமிழில் 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்துக்காக எம்.ஜி.ஆர். 'பரத்' விருது பெற்றார். 1967-க்கு முன்பு வரை, படத்தைக் கலையென்று ஏற்ற அரசு, அதில் நடித்தவனின் உழைப்பைத் தனியாகப் பாராட்டவில்லை. இதே ஆண்டுகளில் வளர்ந்து புகழ்பெற்ற ஒரு தலைமுறை, தன் தொழிலைப் பற்றி மனத்தில் ஐயத்தோடு வாழ்ந்ததில் வியப்பில்லை.

மேடை உயர்ந்தது, திரை தாழ்ந்தது

இரண்டாம் கட்டத்தில் இகழ்ச்சி நடிகர்களின் வாயிலிருந்தே வருகிறது; அது மேடையையும் திரையையும் எடைபோட்டுப் பார்க்கும் மனப்பான்மையாக வெளிப்படுகிறது. இதற்கு முன்னோடி பிருத்விராஜ் கபூர். 1944-இல் பிருத்வி தியேட்டர்ஸைத் தொடங்கிய அவர், திரையில் சம்பாதித்ததை நாடகத்தில் கொட்டினார். நாடகம் முடிந்ததும் அரங்க வாசலில் துணியேந்தி நின்று, பொதுக் காரியங்களுக்காகப் பார்வையாளர்களிடம் நிதி கேட்டார். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டுத் தில்லி வந்தார். 1960-இல் நாடகக் குழு மூடப்பட்டது. அவர் திரையைத் திட்டித் தீர்த்தவரல்லர். ஆனால் திரை வயிற்றுக்கு, மேடை நெஞ்சுக்கு என்ற பிரிவினையை அவர் வாழ்க்கையே ஊரறியச் செய்தது.

இப்பிரிவினைக்கு நிறுவன வடிவம் கொடுத்தது 1959-இல் சங்கீத நாடக அகாதமியின் கீழ் தில்லியில் உருவான தேசிய நாடகப் பள்ளி. 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்தவர் இப்ராகிம் அல்காசி. பெரோஸ் ஷா கோட்லாவில் 'அந்தா யுக்', புராணா கிலாவில் 'துக்ளக்' என்று தில்லியின் இடிபாடுகளையே அரங்கமாக்கிய அவர், மாணவர்களிடம் இராணுவ ஒழுங்கை எதிர்பார்த்தார். அப்பயிற்சி பெற்றவர்களுக்கு நடிப்பு என்பது படித்துத் தேர வேண்டிய துறை. ஆனால் படித்து முடித்தவர்களுக்குப் போதிய ஊதியம் தரும் நாடகச் சூழல் நாட்டில் இல்லை. பலர் பம்பாய்க்குப் போனார்கள். அங்கே பயிற்சிக்கு மதிப்பில்லை. முகவெட்டுக்கும் குடும்பப் பெயருக்கும்தான் மதிப்பு. இந்த ஏமாற்றமே அடுத்த தலைமுறையின் கசப்புக்கு விதை.

பல்ராஜ் சாஹ்னி, 1972

இந்த வரலாற்றின் திருப்புமுனை, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1972-இல் பல்ராஜ் சாஹ்னி ஆற்றிய பட்டமளிப்பு உரை. திரை நடிகர் ஒருவரைப் பட்டமளிப்பு உரைக்கு அழைத்ததே அன்று புதுமை. 1913-இல் ராவல்பிண்டியில் பிறந்த சாஹ்னி, சாந்திநிகேதனில் ஆசிரியராகவும், சேவாகிராமத்தில் ஊழியராகவும், லண்டன் பி.பி.சி.யில் அறிவிப்பாளராகவும் இருந்துவிட்டு நடிக்க வந்தவர். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முன்னணித் தொண்டர். 'தோ பீகா ஜமீன்' (1953) படத்துக்காகக் கல்கத்தாத் தெருக்களில் ரிக்‌ஷா இழுத்துப் பழகினார்.

பட்டமளிப்பு மேடையில் அவர் தம் துறையைப் புகழவில்லை. இந்தித் திரையுலகம் மேற்கத்தியப் படங்களை நகலெடுத்துப் பிழைப்பதை வெளிப்படையாகச் சொன்னார். விடுதலை பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் சுயமாகச் சிந்திக்கும் துணிவு நமக்கு வரவில்லை என்பதே உரையின் மையம். சினிமாவின் நோயைக் கல்வி, மொழி, அரசியல் எல்லாவற்றையும் பீடித்த அடிமை மனத்தின் ஒரு கூறாக அவர் வைத்துக் காட்டினார். சினிமா சமூகத்தைக் கெடுக்கிறது என்று பழைய தலைவர்கள் சொன்னார்கள். சமூகத்தின் நோய்தான் சினிமாவில் தெரிகிறது என்று நடிகர் ஒருவர் திருப்பிச் சொன்னது இங்கேதான். பழி சுமந்தவன் விமர்சகனாக மாறிய தருணம் இது. மறு ஆண்டு ஏப்ரலில் சாஹ்னி காலமானார். அவர் கடைசியாக நடித்தவற்றுள் ஒன்றான 'கரம் ஹவா', தம் தொழிலை அவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

நசீருத்தீன் ஷா

சாஹ்னி தொடங்கியதை இன்றுவரை உரத்த குரலில் தொடர்பவர் நசீருத்தீன் ஷா. தேசிய நாடகப் பள்ளியில் பயின்று 1973-இல் வெளிவந்தவர், அது போதாதென்று புனே திரைப்படக் கல்லூரியிலும் சேர்ந்தார். நடிப்பு மாணவர்களைப் புறக்கணிப்பதை எதிர்த்து அங்கே போராட்டமும் நடத்தினார். தில்லியில் படமான 'ஸ்பர்ஷ்', அடுத்து 'பார்' என இரு படங்களுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். 1970-களின் பிற்பகுதியில் நண்பர்களோடு மோட்லி நாடகக் குழுவைத் தொடங்கி, இன்றும் மேடையேறுகிறார்.

தமக்குக் கிடைத்த பிலிம்பேர் விருதுகளைக் குளியலறைக் கதவின் கைப்பிடியாக்கியதாக 2023-இல் ஒரு பேட்டியில் சொன்னார். 2024 பிப்ரவரியில் தில்லி நிகழ்ச்சி ஒன்றில், இந்திப் படங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டதாகவும், நூறாண்டுப் பெருமை பேசும் திரையுலகம் ஒரே மாதிரிப் படங்களையே எடுப்பதாகவும் வருந்தினார். பணம் ஒன்றையே குறியாகக் கொள்ளாத நாளில்தான் விடிவு என்றார். விமர்சனம் எல்லை மீறியதும் உண்டு. மறைந்த நடிகர் ராஜேஷ் கன்னாவைப் பற்றி 2016-இல் அவர் சொன்ன சொற்கள் குடும்பத்தாரைப் புண்படுத்த, மன்னிப்புக் கேட்டார். துறையைத் திட்டுவது வேறு, அதில் உழைத்து மறைந்த ஒருவரைச் சிறுமைப்படுத்துவது வேறு என்பதற்கு அந்நிகழ்வே எடுத்துக்காட்டு.

தமிழகமும் உலகமும்

தில்லிக்கு வெளியேயும் இப்போக்கைக் காணலாம். தமிழகத்தில் நடிகர் எம்.ஆர். ராதா நாடகத்தையே தம் வீடாகக் கருதியவர். திரையை விட்டு ஆண்டுக்கணக்கில் விலகியிருந்து, மேடையில் வெற்றிகண்ட 'இரத்தக்கண்ணீர்' 1954-இல் படமானபோதுதான் திரும்பினார். ரசிகர்கள் நடிகர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவதை மேடைகளிலேயே கண்டித்தார். அவர் தாக்கியது நட்சத்திர வழிபாட்டை; நடிப்பை அவர் கடைசிவரை ஆயுதமாகவே ஏந்தினார்.

அமெரிக்க நடிகர் மார்லன் பிராண்டோவிடம் துறையைக் கண்டிப்பது, நடிப்பையே இகழ்வது என்ற இரண்டு போக்குகளும் சேர்ந்தே இருந்தன. 1973-இல் அவர் ஆஸ்கர் விருதை மறுத்தது, அமெரிக்கப் பழங்குடியினரைத் திரையுலகம் சித்திரித்த விதத்துக்கு எதிரான கண்டனம். ஆனால் பேட்டிகளில் நடிப்பையே அற்பத் தொழில் என்று தள்ளியும் பேசினார். இந்த இரண்டாவது வகைப் பழிப்பு சாஹ்னியிடமோ ஷாவிடமோ இல்லை.

முடிவுரை

தில்லியின் சான்றுகள் மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன. தலைவர்களும் அரசும் நடிகனை இகழ்ந்தது முதற்கட்டம். மேடையில் பயின்றவர்கள் திரையைத் தாழ்வாக எண்ணியது இரண்டாம் கட்டம். நடிகர்களே வணிகத்தையும் நகலெடுப்பையும் கேள்வி கேட்டது மூன்றாம் கட்டம். மூன்றாம் கட்டத்தின் பேச்சை முதற்கட்டத்தின் வசையோடு சேர்த்துக் குழப்புவதால்தான் இக்கலைஞர்கள் நன்றி கெட்டவர்களாகத் தெரிகிறார்கள். நடிப்பை இகழ்ந்தவர் நாற்பதை ஒட்டிய வயதில் ரிக்‌ஷா இழுக்கக் கற்றுக்கொள்ள மாட்டார். எழுபது கடந்து மேடையேறவும் மாட்டார். நடிகர் ஒருவர் தம் தொழிலைக் குறை சொல்லும்போது, அவர் எதைக் குறை சொல்கிறார், அதைச் சீராக்கத் தாம் என்ன செய்தார் என்ற இரண்டையும் வைத்தே அவரை மதிப்பிட வேண்டும். அந்த அளவுகோலில் சாஹ்னியும் ஷாவும் நடிப்புத் தொழிலின் எதிரிகள் அல்லர். அதன் கௌரவத்துக்காக வாதாடியவர்கள்.